கொசுறு ஏறாத விமானம்

என் மகள் விமானம் ஓட்டுகிறாள் என்று பட்டுக்கோட்டையில் யாரிடம் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். "பெரிய பிளேனா, சின்ன பிளேனா?" சின்னது என்றதும் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். எங்கள் தேங்காய் மண்டிக்கு வந்து போகும் லாரி புரோக்கர் ஒருவர், "அப்ப நம்ம குட்டியானை மாதிரினு சொல்லுங்க" என்றார். குட்டியானை என்பது எங்கள் பக்கம் தேங்காய் ஏற்றும் சின்னச் சரக்கு வண்டி. அன்று அவருக்கு டீ வரவில்லை.

ஆகவே நான் தான்சானியாவுக்குக் கிளம்பியது சிங்கம் பார்க்க அல்ல. மகள் ஓட்டும் விமானத்தில் ஒரு தடவையாவது ஏறி உட்கார வேண்டும், திரும்பி வந்து அதை ஊரில் சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரே ஆசைதான். என் வீட்டுக்காரர் தோப்பில் தேங்காய் வெட்டு நடக்கிற சமயம் என்று வரவில்லை. "நீ போய் ஏறிட்டு வா, நான் கேட்டுக்கறேன்" என்றார்.

கூட வந்தவர் சம்பந்தி. மன்னார்குடிக்காரர், நிலம் நீச்சு உள்ளவர், ஆளும் வாட்டசாட்டமானவர். அவருடைய மகன் செந்தில், என் மாப்பிள்ளை, அந்த நாட்டின் தெற்கே மலையில் ஓர் ஊருக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் இருக்கிறார். என் மகள் மதி இருப்பது கடற்கரையில், டார் எஸ் சலாம் நகரத்தில். வாடகைக்குச் சின்ன விமானம் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் அந்த மலை ஊருக்குப் பறப்பாள், புருஷனைப் பார்த்துவிட்டு வருவாள். சம்பந்தி இதை "டிரைவர் உத்தியோகம்" என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

டார் நகரத்தில் இறங்கியதும் எனக்கு வெளிநாடு வந்த உணர்வே வரவில்லை. அதே புழுக்கம், அதே உப்புக் காற்று, பார்த்த பக்கமெல்லாம் தென்னை. சைக்கிளின் பின்னால் இளநீரை மலையாகக் கட்டிக்கொண்டு ஒருவர் தெருவில் வந்தார். அவர் சீவ எடுத்த காயை நான் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் மதியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். "இந்த அம்மா இந்தத் தொழில்தானா என்று கேட்கிறார்" என்று அவள் மொழிபெயர்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

சோறு கிடைத்தது, மீன் குழம்பு கிடைத்தது, அதுவும் தேங்காய்ப்பால் ஊற்றி. உகாலி என்று மக்காச்சோள மாவில் வெள்ளையாக ஒரு களி கிண்டுகிறார்கள். கையால் உருட்டிக் குழி செய்து கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். சம்பந்தி ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு, "நம்ம கேப்பைக்களிக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மதி எங்களை விமானக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். வெள்ளைச் சட்டை, தோளில் கோடு போட்ட பட்டை. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகத் தலை வாரிக்கொள்ளாத பெண், இங்கே ஒரு முடி கலையாமல் நின்றாள். மெக்கானிக்குகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நான் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையின் தகரம் என்ன கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நாலு சீட் விமானம் ஒன்றும் ஆறு சீட் விமானங்கள் இரண்டும் நின்றன. ஆறு சீட்டில் ஒன்று புத்தம் புதிது, பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே தோல் சீட், ஏசி. மற்றது பழசு. இறக்கைக்கு அடியில் பெயின்ட் உரிந்திருந்தது, சீட்டில் சாதாரணத் துணி உறை.

"என்னைப் புதுசுலதான் கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

"புதுசுல ஏறுனா நீ வர முடியாதும்மா" என்றாள் மதி. "ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே உசரம், ஒரே றெக்கை. ஆனா புதுசுல தோல் சீட்டு, ஏசி, அது இதுன்னு வச்சு வெறும் வண்டியே கனமாயிடுச்சு. மொத்த எடை மாறலை. அப்ப ஆளுக்கு மிச்சம் இருக்கறது கம்மிதானே? பழசு ஒரு ஆளைக் கூடத் தூக்கும்."

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் மண்டிக்கு வரும் லாரிகளிலும் அலங்காரம் கூடினால் பாரம் குறையும். சம்பந்திக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஆறு சீட் இருந்தால் ஆறு பேர் போக வேண்டியதுதானே என்றார்.

"சீட்டு எண்ணிக்கை வேற, ஆளு எண்ணிக்கை வேற மாமா. இந்த நாலு சீட்டையே எடுத்துக்கங்க. டேங்க் நிறையப் பெட்ரோல் ஊத்துனா என்னோட சேர்த்து மூணு பேருதான். நாலு பேரும் ஏறணும்னா பெட்ரோலைக் குறைக்கணும். பெட்ரோலைக் குறைச்சா தூரமாப் போக முடியாது. நடுவழியில பங்க் கிடையாது."

அன்று ஆறு சீட் இரண்டுக்கும் வேறு வேலை இருந்தது. மதி மலைக்கு எடுத்துப் போக வேண்டியது நாலு சீட்டை. செந்திலின் வேலைக்கு வேண்டிய ஒரு மோட்டார் பம்ப் ஏற்கெனவே பின்னால் கட்டப்பட்டிருந்தது. மிச்சம் ஒரே ஒரு ஆளுக்கு இடம்.

யார் ஏறுவது என்ற பேச்சே எழவில்லை. மாப்பிள்ளையைப் பெற்றவர் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவள் முந்திக்கொண்டு ஏறுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "சம்பந்தி, நீங்க போங்க" என்று நான் சொன்னேன். அவர் ஒரு தடவை மறுத்தார், மரியாதைக்கு. நான் இன்னொரு தடவை சொன்னேன், அதுவும் மரியாதைக்கு. முடிந்தது. மதி என் கையைப் பிடித்து, "நீங்க திரும்பி வர்றப்ப பழைய ஆறு சீட்டைக் கொண்டு வரேம்மா. அதுல உனக்கு சீட் உண்டு" என்றாள்.

அடுத்து அவள் சுவரோரம் இருந்த எடை மேடையைக் காட்டினாள். "மாமா, இதுல ஏறி நில்லுங்க."

"என்னையவா?"

"எல்லாரையுந்தான் மாமா. பையோட ஏறுங்க."

நாங்கள் வந்த பெரிய விமானத்தில் பெட்டியைத்தான் எடை போட்டார்கள், ஆளை யாரும் கேட்கவில்லை. மன்னார்குடியில் சம்பந்தியை எடைபோட யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. அவர் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பெட்டி, செல்போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஏறப் போனார்.

"அதெல்லாம் கையில வாங்கிக்கங்க மாமா. அதுவும் உங்களோடதான் பறக்கப் போகுது."

மேடை காட்டிய எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை, எங்களுக்குள் உறவு நீடிக்க வேண்டும். மகனுக்காக அவர் ஊரிலிருந்து சுமந்துவந்த சீரகச் சம்பா அரிசிப் பை விமானத்தில் ஏறவில்லை. அது என்னுடன் பஸ்ஸில் வருவது என்று முடிவானது. மதி அவரை முன் சீட்டில், தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடி வழியாக எனக்குக் கை காட்டினார். கனமான ஆள் பின்னால் உட்கார்ந்தால் வால் தொங்கும், அதனால்தான் முன் சீட் என்று மதி பிறகு என்னிடம் சொன்னாள். மரியாதைக்குக் கொடுத்த சீட் என்றே அவர் இன்றும் நினைக்கிறார். நானும் விட்டுவிட்டேன்.

எங்களை வரவேற்க டாருக்கு வந்திருந்த மாப்பிள்ளையும் நானும் மறுநாள் விடியற்காலையில் பஸ் ஏறினோம். எங்கள் ஊர் பஸ்ஸைவிட நல்ல பஸ்தான். ஜன்னலுக்கு ஜன்னல் திரை. பிள்ளைகுட்டிகளும் வெங்காய மூட்டைகளும் உள்ளே வர வர இடம் எப்படி உருவாகிறது என்பது மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது. என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கைலா என்ற நெல் விளையும் ஊர்க்காரர். என் காலடியில் இருந்த பையில் அரிசி என்று தெரிந்ததும் திறந்து காட்டச் சொன்னார். இரண்டு மணியை வாயில் போட்டு முன்பல்லால் கடித்தார். "இது பழைய அரிசி, நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர் அரிசிக்கு இன்னும் வாசனை அதிகம்" என்றாராம். மாப்பிள்ளை தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். மன்னார்குடிக்காரர் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பாதி வழியில் எஞ்சின் பெல்ட் அறுந்தது. சுற்றிலும் பொட்டல் காடு, பானை வயிறும் மொட்டைக் கிளையுமாகப் பெரிய பெரிய மரங்கள். பின்னால் வரும் பஸ் பெல்ட் கொண்டுவரும்வரை எல்லோரும் இறங்கி நிழலில் உட்கார்ந்தோம். ஒருவரும் டிரைவரைத் திட்டவில்லை. எங்கள் மினி பஸ்ஸாக இருந்தால் இதற்குள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு ஊரே கூடியிருக்கும். சாலையோரத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கு வறுவலை முட்டையில் போட்டு அடை மாதிரி சுட்டுத் தந்தாள். பசிக்கு அது அமிர்தம்.

பெல்ட் மாட்டிக் கிளம்பியபின் எடைபோடும் இடம் ஒன்று வந்தது. அந்த நாட்டில் லாரியை மட்டுமல்ல, பயணிகளோடு பஸ்ஸையும் எடை மேடையில் ஏற்றுகிறார்கள். மேடை கண்ணில் படுவதற்குள் கண்டக்டர் குரல் கொடுத்தார். நின்றுகொண்டு வந்தவர்கள் சாவகாசமாக இறங்கிப் பொடிநடையாகப் போனார்கள். பின் சீட்டுக்காரர்கள் முன்னால் வந்து எங்கள் தோளில் சாய்ந்துகொண்டார்கள். பின் சக்கரம் கனம் காட்டக்கூடாதாம். மேடையைக் கடந்து அடுத்த வளைவில் பஸ் நின்றது, நடந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள், பயணம் தொடர்ந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்குத் தெரிந்த உலகம் இதுதான். எங்கள் தொழிலில் நூறு காய் என்றால் நூறு இல்லை. அதற்கு மேலே லாபக்காய் என்று சில காய்களைப் போட்டால்தான் நூறு. கத்திரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு, பூ வாங்கினால் முழம் அளந்தபின் ஒரு விரற்கடை கொசுறு. எந்த அளவுக்கும் மேலே கொஞ்சம் இடம் உண்டு, அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர். இந்த நம்பிக்கையில்தான் என் மண்டி நடக்கிறது. மகளுடைய விமானத்துக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அன்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

மலை ஊர் குளிர்ந்து கிடந்தது. சரிவு முழுக்கத் தேயிலை, நடுநடுவே தைல மரங்கள். சம்பந்தி மகனுடைய குழாய்களைப் பார்த்தார். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் வழியெல்லாம் நடந்தார். கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டார். ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வயலுக்கு வராத கஷ்டம் தெரிந்த ஊர்க்காரர் வேறு எதைக் கேட்பார்? கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டியபோது அவர் அதில் முகம் கழுவிக்கொண்டார். பிள்ளையைப் பற்றிய பெருமை அவர் முகத்தில் சொட்டியது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் முறை நாளைக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருப்பவர் திருத்துறைப்பூண்டிக்காரர், பெயர் ராஜு. அவர் மனைவி சுமதி. நம் பக்கத்து ஆட்கள் முதன்முதலாக வருகிறார்கள் என்று அவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் விமானம் ஏறுவதற்கு முன் தங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றார்கள். மதி டாரிலிருந்து போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நான் விடிஞ்சதும் வந்து இறங்கிடுவேன். குளிர் இருக்கப்பவே கிளம்பணும்மா. லேட் பண்ணாதீங்க." சரி சரி என்று நாங்களும் சொல்லியிருந்தோம்.

சுமதி வீட்டில் இட்லியும் பொங்கலும் என்று ஆரம்பித்தது. கிளம்பலாம் என்று எழுந்தபோது, "வடை எண்ணெயில கிடக்குக்கா, அஞ்சே நிமிஷம்" என்றாள். வடைக்குப் பின் கேசரி வந்தது. கேசரிக்குப் பின் காபி. சாப்பிடாமல் எழுந்தால் அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. சம்பந்தி வாட்சைப் பார்த்தார், வடையையும் பார்த்தார். ஓடுதளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனியெல்லாம் கரைந்து வெயில் நன்றாக ஏறியிருந்தது.

பழைய ஆறு சீட் விமானம் செம்மண் ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றது. மதி வானத்தை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். டிக்கெட் வாங்கிய பயணிகள் இரண்டு பேர் எங்களுக்கு முன்பே காத்திருந்தார்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் உள்ளூர் மூதாட்டி ஒருவரும் அவருடைய மகனும். மூதாட்டி விமானத்தில் ஏறுவது அதுவே முதல் தடவையாம். மகன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரையும் எடை போட்டாள். இந்தத் தடவை சம்பந்தி வெற்றிலைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினார். மதி எடைகளைக் கூட்டிப் பார்த்து, "மட்டுமட்டா இருக்கு, சூடு இன்னும் ஏறுறதுக்குள்ள கிளம்பிடணும்" என்று விமானத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்க்கப் போனாள்.

அப்போதுதான் ராஜுவின் ஜீப் புழுதி பறக்க வந்து நின்றது. சுமதி இறங்கி ஓடிவந்தாள். கையில் இரண்டு கட்டைப் பைகள். "தாம்பூலம் குடுக்காம அனுப்பிட்டேனே அக்கா. முத தடவையா வந்துட்டு வெறுங்கையோடவா போவீங்க?" பைக்குள் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, அதற்குக் கீழே தொழிற்சாலைத் தேயிலை, அதற்கும் கீழே அந்த மலையில் விளையும் பட்டர் ஃப்ரூட், பை நிறைய. எனக்கு ஒன்று, சம்பந்தி வீட்டு அம்மாவுக்கு ஒன்று. தாம்பூலத்தை எப்படி வேண்டாம் என்பது? கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது, அதில்தானே பிழைக்கிறேன். கொசுறுதானே, இதற்கென்ன என்று இரண்டையும் முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். மகளிடம் சொல்லவில்லை.

கதவு சாத்தியாயிற்று. பெல்ட் மாட்டியாயிற்று. எனக்கு முன்னால் மதியின் தலை, காதில் பெரிய ஹெட்ஃபோன். எஞ்சின் உறும, விமானம் குலுங்கி நகர்ந்தது. லாரி புரோக்கருக்கு என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஓடுதளத்தின் கோடிக்குப் போய் விமானம் திரும்பியது. திரும்பி, பிரேக் பிடித்து நின்றது. நின்ற வேகத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பட்டர் ஃப்ரூட் உருண்டது. மெதுவாக, யாருக்கும் அவசரமில்லை என்பது போல உருண்டு, மதி கால் வைத்து மிதிக்கும் பெடலுக்கு அடியில் போய் நின்றது.

அவள் குனிந்து அதை எடுத்தாள். கையில் வைத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். மண்டியில் வளர்ந்த கை அது. பின்னால் திரும்பி என்னை மட்டும் பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்தாள்.

பைகளை நானே இறக்கினேன். அதோடு போகும் என்று நினைத்தேன். மதி கண்ணாடியில் பொருத்தியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள், விமானத்தின் புத்தகத்தைப் புரட்டினாள், மறுபடி ஓடுதளத்தைப் பார்த்தாள். எதிர்க்கோடியில் தைல மரங்கள் வரிசையாக நின்றன.

"பையை எடுத்தாலும் பத்தாது" என்றாள். "எடை போட்டப்பவே மட்டுமட்டாத்தான் இருந்துச்சு, அதுக்கப்புறம் சூடு இன்னும் ஏறிடுச்சு. காலையில குளிர்ல கிளம்பியிருந்தா எல்லாரும் போயிருக்கலாம். வெயில் ஏற ஏற காத்து லேசாயிடும், றெக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது. இது மலை, ஓடுதளமும் சின்னது. இப்ப ஒரு ஆளு கூடுதல்."

சம்பந்தி முன் சீட்டிலிருந்து திரும்பினார். "கொஞ்சம் பெட்ரோலை இறக்கிடலாமேம்மா."

"அது டார் போய்ச் சேர்றதுக்கு வேணும் மாமா."

"அப்ப நான் இறங்கிக்கறேன். சம்பந்தியம்மா வரட்டும்."

"உங்களுக்கு ராத்திரி ஊருக்குப் பிளேன் இருக்கு மாமா. 'நாத்து விட்டுட்டு வந்திருக்கேன், போகணும்'னு நீங்கதானே சொன்னீங்க. இவங்க ரெண்டு பேரும் டிக்கெட் வாங்குனவங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ இறங்கு."

"ஏண்டி, ஒரு ஆளுதானே. கொஞ்சம் சமாளிச்சுப் போயிட முடியாதா?"

"சமாளிக்கறதுக்கு இதுல இடம் இல்லம்மா. இறங்கு."

குரலை உயர்த்தவில்லை. அவள் குரலில் கோபமும் இல்லை, மகளும் இல்லை. நான் பெல்ட்டைக் கழற்றினேன். முகம் தீயாக எரிந்தது. சம்பந்தி பார்க்க, வேற்று நாட்டு மனிதர்கள் பார்க்க, பெற்ற மகள் என்னைச் சரக்கு மாதிரி இறக்கிவிட்டாள். இவளுக்காக எத்தனை பேர் வாயில் விழுந்து எழுந்தேன். பெண்ணை எதற்கு இதற்கெல்லாம் அனுப்புகிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களோடு எத்தனை கல்யாண வீட்டில் சண்டை போட்டேன். அதெல்லாம் அந்த மூன்று படி இறங்குவதற்குள் நினைவுக்கு வந்தது. கண்ணில் நீர் முட்டியது, என்னவென்று பார்க்க ஜீப்பில் வந்து இறங்கிய மாப்பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானையை எடுத்தேன்.

திறந்த கதவு வழியாக அந்த மூதாட்டி கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "போலே, மாமா" என்றார். வருத்தப்படாதே அம்மா என்று அர்த்தமாம், அவர்கள் பேச்சில் மாமா என்றால் அம்மா. பிறகு மாப்பிள்ளையிடம் மதியைக் காட்டி ஏதோ கேட்டார். அவர் ஆமாம் என்றார். மூதாட்டி என்னையும் மதியையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை மகன் கையை இறுக்கியிருந்த பிடியை விட்டார். சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன மாப்பிள்ளை சொல்றாங்க?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "'பெத்த தாயையே இறக்கிவிட்டுட்டாளா? அப்ப நான் பயப்படாம போவேன்'னு சொல்றாங்க அத்தை."

முந்தானை கையிலேயே நின்றுவிட்டது. என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருபது முப்பது வருஷமாகக் கொசுறு கேட்டும் கொடுத்தும் வாழ்ந்தவள் நான். என் வயிற்றில் பிறந்தவளிடம் ஒரு குண்டுமணி கொசுறு வாங்க முடியவில்லை. அதை நம்பி முன்பின் தெரியாத ஒரு கிழவி கண்ணைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். எஞ்சின் சத்தம் ஏறி ஏறி, விமானம் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மரங்கள் அதற்கு நேரே நின்றன. என் கை மாப்பிள்ளையின் தோளைப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். சக்கரம் தரையை விட்டது. அவசரமே இல்லாமல் மூக்கைத் தூக்கி, தைல மரங்களின் உச்சிக்கு மேலே கடந்து போயிற்று.

உச்சிக்கும் சக்கரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. வெளிச்சம் தெரியும் அளவுக்கு, ஒரு வீடு கட்டும் அளவுக்கு இடைவெளி. நான் உள்ளே இருந்திருந்தால் அதை என் மகள் எங்கிருந்து எடுத்திருப்பாள்? அது நான் இறங்கிக் கொடுத்த இடம்.

மறுநாள் பஸ்ஸில்தான் திரும்பினேன், இரண்டு தாம்பூலப் பைகளோடும். எடை மேடை வந்தது, கண்டக்டர் குரல் கொடுத்தார், நின்றவர்கள் இறங்கி நடந்தார்கள். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க மதியின் விமானத்தில் சீட் காலியில்லை. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் பட்டர் ஃப்ரூட்டை நறுக்கி வைத்தேன். "இதுதானே அது?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், அவ்வளவுதான்.

நான் ஊர் திரும்புவதற்குள் சம்பந்தி மன்னார்குடியில் பாதிப் பேருக்கு விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தார். ஐப்பசியில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, அவர் யாரோ நாலு பேரிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "இந்தம்மா பொண்ணுதான் எங்க மருமக. கேப்டன். அவ கணக்குக்கு மேல போனா கடவுளே வந்தாலும் ஏத்த மாட்டா." டிரைவர் எப்போது கேப்டன் ஆனாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

லாரி புரோக்கரும் மண்டிக்கு வந்தார். காய்களைப் பார்த்துக்கொண்டே, "என்னங்க, மக ஓட்டுன பிளேன்ல போயிட்டு வந்தாச்சா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "ஏறி உட்கார்ந்தேன். இறங்குனு இறக்கிவிட்டுட்டா."

அவர் எனக்காக வருத்தப்பட வாயெடுத்தார். அவரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முழுவதையும் முதலிலிருந்து சொன்னேன்.